பேழையில் உறங்கும் கட்டுரைகள்

(தாம்பரத்தில் தமிழன்பர்கள் கூடிய திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணையக் கலைக்களஞ்சியத்திற்குக் கட்டுரை வரைவதும், அவ்வரைவைப் பேணித் திருத்தி வெளியிடுவதும் எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இது கணிப்பொறி வல்லாருக்குரிய பேச்சாயிற்றே, தமிழ் மன்றத்தில் இதற்கு என்ன வேலை என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். நாளைய பிள்ளை ஓர் ஐயம் எழுந்தால் முதலில் திறக்கப் போவது இணையக் களஞ்சியத்தைத்தான். அங்கே தமிழில் விடை இருந்தால் தமிழிற் படிப்பான். இல்லையேல் ஆங்கிலத்திற் படிப்பான். இரண்டாம் முறையும் இல்லையேல் மூன்றாம் முறை தமிழில் தேடவே மாட்டான். ஆகவே நம் வீட்டுப் பேழையில் முடிக்கப்படாமல் கிடக்கும் ஒவ்வொரு கட்டுரையும் நம் மொழிக்கு நேர்ந்த இழப்பே ஆகும்.

என் பேழையிலும் அத்தகைய கட்டுரை ஒன்று கிடந்தது. அதனைச் சொல்லியே தொடங்குகின்றேன்.

சிட்லபாக்கத்தில் பணி நிறைவுற்ற பள்ளியாசிரியர் ஒருவர் வாழ்ந்து வந்தார். சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் ஏரிகளின் மிகைநீர் எவ்வெவ்வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பை நோக்கிச் சென்றது, எந்த மதகுக்கு என்ன பெயர், எந்தக் கலங்கல் எப்போது மூடப்பட்டது என்பனவெல்லாம் அவருக்கு மனப்பாடம். மூன்று மாலைகள் அவரோடு அமர்ந்து பதினான்கு பக்கம் எழுதினேன். இன்னும் சில பெயர்களைச் சரிபார்க்க வேண்டும், நடையைச் செப்பம் செய்ய வேண்டும், முழுமையாக்கிய பின்னரே வெளியிட வேண்டும் என்று எண்ணி எடுத்து வைத்தேன். ஆண்டுகள் இரண்டு கடந்தன. மீண்டும் அவரில்லம் சென்றபோது, வாயிலில் அவர் படத்திற்கு மாலையிட்டிருந்தார்கள். வீடு திரும்பி அப்பதினான்கு பக்கங்களையும் எடுத்துப் பார்த்தேன். விரைவில் எழுதிய மதகுப் பெயர்களுள் பாதியை என் கையெழுத்தில் நானே படிக்க இயலவில்லை. கேட்டுத் தெளிய அவரும் இல்லை.

அவையோரே, முழுமை முழுமை என்று காத்திருந்து நான் உள்ளதையும் இழந்தேன். அதற்காக அரைகுறையாக எழுதியதை அப்படியே அள்ளி வீசுவதும் தவறே. இவ்விரு தவறுகட்கும் இடைப்பட்ட நெறி யாது என்பதே இன்றைய என் உரையின் பொருள்.

களஞ்சியம் ஆக்குதல் நமக்குப் புதிதன்று. அதன் துயரமும் புதிதன்று. ஆ. சிங்காரவேலு முதலியார் தனி ஒருவராய்ப் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’, பாண்டித்துரைத் தேவரின் துணையால் 1910-இல் அச்சேறியது. அதன் திருத்திய இரண்டாம் பதிப்பு 1934-இல் வெளிவந்தபோது ஆசிரியர் உயிரோடில்லை. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு உருவாயிற்று. அதன் முதல் தொகுதி 1954-இல் வந்தது. இணைப்புத் தொகுதியாகிய பத்தாம் தொகுதி 1968-இல் வந்தது. முதல் தொகுதியைச் சிறுவனாய்க் கையில் ஏந்தியவன் இறுதித் தொகுதியைக் காணும்போது மணமாகிப் பிள்ளை பெற்றிருப்பான். மொழிஞாயிறு பாவாணர் அவர்கள் 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் பொறுப்பை ஏற்றார். 1981 சனவரியில் மறைந்தார். அகரமுதலியின் முதல் மடலம் 1985-இற்றான் வெளிவந்தது. முழுப்பணியும் 31 பகுதிகளாக நிறைவுற்றது 2011-இல். எழுதியவர் கண்ணால் தம் நூலைக் காணாமற் போன இந்நிலை, அச்சுக் காலத்தில் தவிர்க்க இயலாததாயிருந்தது. தாள் வேண்டும், பொருள் வேண்டும், அச்சுக்கூடம் வேண்டும், அரசின் இசைவு வேண்டும். இன்றோ இவற்றுள் ஒன்றும் தடையில்லை. இருந்தும் கட்டுரைகள் பேழையில் உறங்குகின்றன என்றால் அதற்குக் கரணியம் நாமே.

2003-ஆம் ஆண்டு செபுத்தம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தோன்றிற்று. அவ்வாண்டின் இறுதியிலிருந்து அதனை வளர்த்தெடுத்தவருள் முதன்மையானவர் ஈழத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் அவர்கள். 2017-இல் அதன் கட்டுரைகள் ஓர் இலக்கத்தைக் கடந்தன. இன்று ஒன்றரை இலக்கத்திற்கும் மிகுந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை அரசாணை பெற்றோ ஊதியம் பெற்றோ எழுதியவை அல்ல. யாழ்ப்பாணத்திலும் சேலத்திலும் கனடாவிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்து தன்னார்வலர் எழுதியவை. தாம்பரத்து மக்கள் அதில் எத்துணைக் கட்டுரை எழுதினோம் என்று நம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக் கொள்வோம்.

இனி, செய்முறைக்கு வருகின்றேன். களஞ்சியத்தில் பெயர் பதிந்து கொண்ட ஒவ்வொருவருக்கும் ‘மணல்தொட்டி’ என்றொரு பக்கம் உண்டு. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்களே, அதுதான்! எழுதலாம், அழிக்கலாம், மீண்டும் எழுதலாம். அது களஞ்சியக் கட்டுரையாகக் கொள்ளப்படாது. ஆயினும் அது மறைவிடம் அன்று. முகவரி அறிந்தோர் எவரும் பார்க்க இயலும். எனவே பிறர் கமுக்கத்தையோ உறுதிப்படாத பழிச்சொல்லையோ அங்கும் எழுதலாகாது.

வரைவு தொடங்கும்போதே தலைப்பைத் தீர்மானித்துக் கொள்ளுங்கள். ‘பெருங்குடி’ என்று தலைப்பிட்டால் எந்தப் பெருங்குடி? நம் அண்டையிலும் ஒன்றுண்டு. மதுரை வானூர்தி நிலையத்தின் அண்டையிலும் ஒன்றுண்டு. ஒரே பெயருடைய பலவற்றைப் பிரித்துக் காட்டும் பக்கம் ஒன்றை அமைப்பது மரபு. அவ்வாறே ஓர் ஊரை ஒருவர் பல்லாவரம் என்பார், மற்றொருவர் பல்லவபுரம் என்பார். கட்டுரையை ஒரு பெயரில் வைத்து, மற்றப் பெயரிலிருந்து ‘வழிமாற்று’ அமைத்துவிட்டால் எப்பெயரில் தேடினும் ஒரே இடம் வந்து சேரலாம். களஞ்சியத்தில் அப்பொருள் பற்றி வேறொரு தலைப்பில் கட்டுரை முன்னரே உள்ளதா என்பதையும் தேடிப் பாருங்கள். இருப்பின் அதனை விரிப்பதே அறிவுடைமை. ஒரு பொருளுக்கு இரு கட்டுரை என்பது ஒரு கிணற்றுக்கு இரண்டு பாதிக் குழிகள் தோண்டுவதை ஒக்கும்.

அடுத்தது சான்று. எழுதும் ஒவ்வொரு செய்தியின் பின்னும் அஃது எந்த நூலில், எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதை அப்போதைக்கப்போதே குறித்துவிடுங்கள். எழுதி முடித்துவிட்டுச் சான்று தேடிக் கொள்ளலாம் என்று விட்டால், அக்கட்டுரை என் பதினான்கு பக்கங்களைப் போலப் பேழைக்குத்தான் போகும்.

என் பிழை மற்றொன்றையும் ஒளியாமற் சொல்கின்றேன். பல்லாவரம் பற்றி எழுதினேன். இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலவியலார் அங்குக் கற்கோடரியைக் கண்டெடுத்த நிகழ்வை எழுதும்போது, நூலைப் பாராமல் நினைவிலிருந்து 1864 என்று எழுதி வெளியிட்டுவிட்டேன். நடந்தது 1863 மே 30. இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அந்நாளிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றது. முகமறியா அன்பர் ஒருவர் மறுநாட் காலையில் அதனைத் திருத்தி, பேச்சுப் பக்கத்தில் சான்றும் காட்டியிருந்தார். ஆனால் அவ்வோர் இரவுக்குள் என் பிழையான ஆண்டினை ஒரு மாணவன் தன் ஏட்டில் எழுதிக் கொண்டு போயிருந்தால் என் செய்வது? வெளியிடு என்னும் பொத்தானை அழுத்துமுன் ஒருமுறை நூலைத் திறந்திருந்தால் இத்துன்பம் இல்லை.

விரைவினால் விளையும் கேட்டிற்குப் பெரியதோர் எடுத்துக்காட்டும் உண்டு. 2009-ஆம் ஆண்டு முதல் கூகிள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையுடன், கூலிக்கு அமர்த்திய மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கித் தமிழ் விக்கிப்பீடியாவிற் குவித்தது. கட்டுரைகள் நெடியனவாயிருந்தன; எண்ணிக்கை மளமளவென ஏறிற்று. ஆனால் நடையோ பொறி நடை! ஆங்கிலச் சொற்கள் அப்படியே எழுத்துப் பெயர்க்கப்பட்டிருந்தன, பெயர்கள் பிழைபட்டிருந்தன, நம் மக்களுக்கு வேண்டிய பொருள்களை விட்டு மேனாட்டுப் பாடகர், நடிகர் பற்றியவை பல இருந்தன. எழுதியவரிடம் கேட்டால் மறுமொழி இல்லை. கட்டுரையை வெளியிட்டதோடு அவர்தம் வேலை முடிந்தது. தமிழ் விக்கிப்பீடியர் வாளாவிருக்கவில்லை. நிறுவனத்தாரோடு பேசினர், பழைய பிழைகளைத் திருத்திய பின்னரே புதியன இடுக என்றனர், தலைப்புகளைத் தாமே தெரிந்து கொடுத்தனர். 2010-இல் போலந்து நாட்டின் கடான்சுகு நகரில் கூடிய விக்கிமேனியா மாநாட்டில் இந்நிலையை உலகோர் முன்னும் எடுத்துரைத்தனர். பெரிய நிறுவனம் தருகின்றதே என்று வாயைப் பிளந்து வாங்கிக் கொள்ளாமல், தரம் பார்த்து ஏற்ற அவ்வுறுதி பாராட்டுதற்குரியது.

அன்று ஒரு நிறுவனம் செய்ததை இன்று கைப்பேசி வைத்துள்ள எவரும் செய்யலாம். செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் கேட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் கட்டுரை வந்து விழுகின்றது. அதனை வரைவுக்கு முன் தலைப்புகளை ஒழுங்குபடுத்தப் பயன்கொள்ளுங்கள்; தடையில்லை. ஆனால் அது தரும் ஆண்டையும் பெயரையும் நூற்பெயரையும் சரிபாராமல் வெளியிடாதீர்கள். இல்லாத நூலை இருப்பதாக அது காட்டும். அப்பொறிகள் கற்றுக்கொள்வதோ இணையத்தில் நாம் எழுதி வைத்தவற்றிலிருந்து. இன்று நாம் வெளியிடும் பொய், நாளை பொறியின் வாயிலிருந்து மெய்யாக வெளிவரும். அதனைச் சான்றாகக் காட்டி மற்றொருவர் மீண்டும் எழுதுவார். தமிழிலுள்ள எழுத்து ஆங்கிலத்தை நோக்கச் சிறிது. சிறு குளத்தில் கலந்த நஞ்சு விரைந்து பரவும் என்பதை மறவாதீர்கள்.

இங்கே நீங்கள் ஒரு வினா எழுப்பலாம். “ஐயா, ஏரி மதகின் பெயர் எந்த நூலிலும் இல்லையே, முதியவர் வாய்ச்சொல்தானே சான்று?” என்பீர்கள். சரியான வினா. களஞ்சியம் வாய்ச்சொல்லையும் புத்தாய்வையும் நேரே ஏற்பதில்லை. முன்னர் எங்கேனும் வெளியானதையே ஏற்கும். இது நமக்கு எதிரான நெறி என்று சினந்து பயனில்லை. முதியவர் சொல்வதை நாள், இடம், சொன்னவர் இசைவு ஆகியவற்றோடு முதலில் ஓர் இதழிலோ சிறு நூலிலோ அச்சிடுக. நம் திங்களிதழ்கள் பல பக்கங்களை வாழ்த்துப் பாக்களுக்கே ஒதுக்குகின்றன. ஈரிரு பக்கங்களை ஊர் வரலாற்றுக்கு ஒதுக்கினால் குறைந்தா போகும்? அச்சிட்டதை நூலகத்திற் சேர்த்துவிட்டால் பின்னர் அது களஞ்சியக் கட்டுரைக்குச் சான்றாய் நிற்கக்கூடும். அதனையும் ஆய்ந்தே ஏற்பார்கள் என்பதால், பதிப்பிப்போர் பொறுப்போடு பதிப்பிக்க வேண்டும். நான் இதனைச் செய்திருந்தால் அம்முதியவர் தம் சொற்களை அச்சிற் கண்டு, பிழையையும் தாமே திருத்தியிருப்பார்.

வெளியிட்ட பின் என்ன நிகழும்? இதனை அறியாமையால் நம் புலவர் பலர் மனம் நொந்து விலகியிருக்கின்றனர். கட்டுரை களஞ்சியத்தைச் சேர்ந்ததும் அது உங்களுடையதன்று. எவரும் தொகுப்பர், சொல்லை மாற்றுவர், சான்று கேட்டுக் குறியிடுவர். பிறர் நூலிலிருந்து படியெடுத்திருந்தாலோ, விளம்பரமாயிருந்தாலோ நீக்கியும் விடுவர். “நாற்பதாண்டு தமிழாசிரியனாயிருந்த என் எழுத்தில் நேற்றைய சிறுவன் கைவைப்பதா?” என்று சினங்கொள்ளற்க. ஒவ்வொரு மாற்றமும், செய்தவர் பெயரோடும் நேரத்தோடும் பக்க வரலாற்றில் நிற்கின்றது. தவறாக மாற்றியிருந்தால் முன்னிருந்த வடிவை மீட்கலாம். பேச்சுப் பக்கத்திற் சான்று காட்டி வாதிடலாம். பொதுச் சிக்கலாயின் ‘ஆலமரத்தடி’ என்னும் பக்கத்தில் எல்லாரும் கூடிப் பேசலாம். வயதும் பட்டமும் அங்கே செல்லா, சான்று செல்லும்.

பல்லாவரத்தையே எண்ணிப் பாருங்கள். கிறித்தவக் கல்லூரி சென்னை நகரினுள் இருந்த காலத்தில் அங்குத் தமிழாசிரியராயிருந்த மறைமலையடிகள், அப்பணியினின்று விலகி 1911-இல் பல்லாவரம் வந்து குடியேறினார். 1916-இல் தனித்தமிழ் நெறியை மேற்கொண்ட பின், தாமே முன்பு எழுதி வெளியிட்ட நூல்களை மறுபதிப்பின்போது எடுத்து, அவற்றிலிருந்த வடசொற்களைக் களைந்து மீண்டும் எழுதினார். புகழ் பெற்ற தம் எழுத்தைத் தாமே அடித்துத் திருத்தினார்! வெளியான நூலும் ஒரு வரைவே என்று கருதிய பெருநெஞ்சம் அது. அக்கல்லூரி 1937-இல் இத்தாம்பரத்திற்கே வந்து சேர்ந்தது. அடிகள் வாழ்ந்த ஊருக்கு அண்டையில் வாழும் நாம், பிறர் ஒரு சொல்லைத் திருத்தினால் முகஞ்சுளிப்பது தகுமா?

திருத்தம் இல்லாவிடின் நல்ல கட்டுரையும் பொய்யாகிவிடும். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் அதனுள் அடங்கின. அந்நாள் வரை “செம்பாக்கம் ஒரு நகராட்சி” என்றிருந்த மெய்ச்செய்தி ஒரே நாளிற் பழஞ்செய்தியாயிற்று. 2022-இல் பள்ளிக்கரணைச் சதுப்பு இராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்டவை அச்செய்தி இன்றி நின்றன. ஆகவே எழுதுவோர் ‘இப்போது’, ‘அண்மையில்’ என்று எழுதாமல் ஆண்டினைக் குறித்து எழுத வேண்டும். தாம் எழுதிய பக்கத்தைத் தம் கவனிப்புப் பட்டியலிற் சேர்த்து, திங்களுக்கு ஒருமுறையேனும் சென்று பார்க்க வேண்டும். பயிரிட்டவன் களை பறிக்கப் போகாவிட்டால் விளைச்சல் யாருக்கு?

சொல்லாட்சி பற்றியும் ஒரு சொல். தூய தமிழில் எழுத வேண்டும் என்பதில் நமக்குள் மாறுபாடில்லை. ஆனால் நாமே புனைந்த ஒரு சொல்லை விளக்கமின்றித் தலைப்பாக இட்டால், தேடி வருவோர் கண்ணில் அது படாது. நல்ல தமிழ்ச்சொல்லைத் தலைப்பாக்கி, வழக்கிலுள்ள மற்றச் சொற்களிலிருந்து வழிமாற்று அமையுங்கள். முதல் வரியிலேயே வழக்குச் சொல்லையும் சுட்டுங்கள். கதவைத் திறந்து வைத்தால்தான் உள்ளே வருவார்கள். வந்தபின் நம் சொல்லைக் கற்பார்கள்.

பழைய வரைவுகளைக் கணினியில் வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒருங்குறி பரவுமுன் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகள் பல, இன்றைய கருவியில் திறந்தால் புரியாக் கிறுக்கல்களாய்த் தோன்றும். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முற்பட்ட உங்கள் கோப்புகளை இன்றே ஒருங்குறிக்கு மாற்றி, ஈரிடங்களிற் படி வையுங்கள். தாளைச் செல்லரித்தால் கண்ணுக்குத் தெரியும்; கோப்புக் கெட்டால் திறக்கும் வரை தெரியாது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இன்று இரவு வீட்டுக்குச் சென்றதும் பேழையைத் திறந்து பாருங்கள். முடியாத கட்டுரை ஒன்றை எடுங்கள். அதில் சான்றுள்ள பத்து வரிகளை மட்டும் பிரித்தெடுத்துக் குறுங்கட்டுரையாக வெளியிடுங்கள். சான்றில்லாத எஞ்சிய பகுதியை மணல்தொட்டியில் வையுங்கள். சான்று கிடைக்கக் கிடைக்க ஒவ்வொரு வரியாய்ச் சேருங்கள். பத்து வரி மெய், நூறு வரி ஐயத்தினும் பெரிது. இளையோர் ஒவ்வொருவரும் தட்டச்சறியாத ஒரு முதியவர்க்குக் கையாக இருங்கள். முதியோர் ஒவ்வொருவரும் ஊரறியா ஓர் இளையோர்க்கு நினைவாக இருங்கள்.

எனக்கு மதகுப் பெயர்களைச் சொல்லித் தந்த அவ்வாசிரியர் போய்விட்டார். அவர் பெயர்களில் என்னாற் படிக்க முடிந்தவற்றை அச்சிடக் கொடுத்துவிட்டேன். அவை அச்சேறிய பின் களஞ்சியத்திற்குச் செல்லும். படிக்க முடியாதவற்றுக்கு எதிரே வெற்றிடம் விட்டிருக்கின்றேன். சிட்லபாக்கத்திலோ செம்பாக்கத்திலோ அவற்றை அறிந்த முதியோர் இன்னும் எவரேனும் இருப்பின், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். எழுதுகோலோடு வாயிலில் நிற்பேன்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் அறிவு!